உலக முடிவுக்குப் போகிறீர்களா? எட்டு மணியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இலங்கை மலைநாட்டின் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவில் இருக்கும் உலக முடிவு (World's End) என்ற செங்குத்துப் பள்ள விளிம்புக்கு முதல் தடவை போனபோது நான் பார்த்தது வெறும் வெள்ளை. கனடாவிலிருந்து வந்திருந்த மச்சான் கையை நீட்டிப் பார்த்தார், விரல் நுனியே மங்கலாகத்தான் தெரிந்தது. "இதுக்கோ நாப்பது டொலர் குடுத்தனான்?" என்று கேட்டார். அப்போது நேரம் பத்தே முக்கால். அரை மணித்தியாலம் குளிரில் நின்று பார்த்தோம். மூட்டம் விலகவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, "சேர், உலகம் முடிஞ்சுது" என்று தன் ஆசிரியரிடம் சொன்னது மட்டும்தான் அன்றைக்குக் கிடைத்த லாபம்.

அடுத்த வருடம் மாசி மாதத்தில் மறுபடி போனோம். இந்த முறை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அதே இடத்தில் நின்றோம். காலுக்குக் கீழே எண்ணூறு மீற்றருக்கு மேல் பள்ளம். அடியில் நொன்பரீல் தோட்டத்துத் தேயிலை, அதற்கு நடுவே வெயிலில் மின்னும் தகரக் கூரைகள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே பள்ளத்தாக்கின் ஒரு மூலையில் முகில் திரளத் தொடங்கியது. ஒன்பதே கால் அளவில் முழுவதும் மூடிவிட்டது.

ஆகவே இந்தப் பயணத்தை எட்டு மணியில் தொடங்கிப் பின்னோக்கித் திட்டமிட வேண்டும். எட்டு மணிக்கு, பிந்தினால் எட்டரைக்கு, விளிம்பில் நிற்க வேண்டும். அதற்கு எத்தனை மணிக்கு நடக்கத் தொடங்குவது, எத்தனை மணிக்கு டிக்கெட் எடுப்பது, எத்தனை மணிக்குப் படுக்கையை விட்டு எழும்புவது என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போங்கள். நாங்கள் முதல் தடவை செய்த பிழைகளையும் சேர்த்துக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. மாதத்தையும் நாளையும் தெரிவு செய்யுங்கள்

தை முதல் பங்குனி வரை நல்ல காலம். மழை குறைவு, விடியற்காலையில் வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதே மாதங்களில்தான் குளிரும் கடுமை. சமவெளி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை, மாசி விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படிந்திருப்பதைப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அது விளையாட்டில்லை.

சித்திரையில் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். புத்தாண்டை ஒட்டி நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் நடக்கும். அறை வாடகை இரண்டு மூன்று மடங்காகும், ஊருக்குள் வாகனம் நகராது. தவிர்க்கவே முடியாவிட்டால் நுவரெலியாவை விட்டு ஒஹிய, ஹப்புத்தளைப் பக்கம் தங்குங்கள்.

போயா நாள் (பௌர்ணமி விடுமுறை), நீண்ட வார இறுதி, பள்ளிக்கூட விடுமுறை மூன்றையும் நாட்காட்டியில் பார்த்துத் தள்ளி வையுங்கள். எங்கள் முதல் பயணம் போயாவோடு சேர்ந்த சனிக்கிழமை. வாயிலில் நின்ற வாகன வரிசையிலேயே முக்கால் மணித்தியாலம் போனது. இரண்டாம் தடவை செவ்வாய்க்கிழமை போனோம், எங்களுக்கு முன்னால் ஆறு வான்கள்தான்.

மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு இன்னொன்று. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டு வீதிகளும் ரயில் பாதையும் பட்ட பாடு தெரியும்தானே. அடைமழை விழுந்த வாரமென்றால், தங்கப் போகும் இடத்துக்கு முதல் நாளே அழைத்துப் பாதை நிலவரம் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அழைக்கலாம். நுவரெலியா, பதுளை மாவட்டங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுவதுதான் சரி.

2. எங்கே தங்குவது

கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ அதிகாலையில் புறப்பட்டு அன்றைக்கே பார்த்துவிடலாம் என்று சிலர் திட்டம் போடுகிறார்கள். போய்ச் சேர்ந்தாலும் மூட்டத்துக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். முதல் நாள் இரவை மலையில் கழிக்க வேண்டும்.

நுவரெலியாவில் தங்கினால் அறைகள் நிறைய, சாப்பாட்டுக்குக் குறைவில்லை, வாகனம் பிடிப்பதும் சுலபம். அங்கிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாகச் சமவெளி சுமார் 30 கிலோமீற்றர். வரைபடத்தில் சின்னத் தூரமாகத் தெரியும். ஆனால் இருட்டு, வளைவு, பனி மூன்றும் சேர்ந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும்.

பட்டிப்பொல, ஒஹிய ஊர்களில் சின்னச் சின்ன விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. வசதி குறைவு, சில இடங்களில் சுடுதண்ணீர் வரும் வராது. ஆனால் வாயிலுக்குக் கிட்ட என்பதால் ஒரு மணித்தியாலம் கூடுதலாகத் தூங்கலாம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் நல்லது.

மூன்றாவது வழி, பூங்காவுக்கு உள்ளேயே தங்குவது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கினிஹிரிய, மஹாஎலிய விடுதிகள் உள்ளே இருக்கின்றன. நினைத்தவுடன் கிடைக்காது, திணைக்களத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

3. ரயிலில் வருகிறவர்கள் எந்த ஸ்டேசனில் இறங்குவது

கொழும்பு கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகும் ரயில் பாதையில் ஸ்டேசன்கள் நானுஓயா, அம்பேவெல, பட்டிப்பொல, ஒஹிய என்ற ஒழுங்கில் வரும். நுவரெலியா என்ற பெயரில் ஸ்டேசன் கிடையாது. நானுஓயாவில் இறங்கி பஸ்ஸிலோ ஓட்டோவிலோ நுவரெலியா ஊருக்குப் போக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிற நம் சொந்தக்காரர்கள் இதில் அடிக்கடி குழம்புவார்கள்.

பட்டிப்பொலதான் இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம். அங்கே இறங்கினாலும் சரி, அடுத்த ஸ்டேசனான ஒஹியவில் இறங்கினாலும் சரி, நடைபாதை தொடங்கும் இடம் இன்னும் பத்துப் பதினொரு கிலோமீற்றர் மேலே. முழுக்க ஏற்றம். பஸ் இல்லை. "ஸ்டேசனிலிருந்து நடந்தே போகலாம்" என்று எழுதியிருப்பதை நம்பிக் காலையில் கிளம்பினால், மேலே போய்ச் சேரும்போது மூட்டம் உங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். ஓட்டோவை முதல் நாளே சொல்லி வையுங்கள்.

முன்பதிவு இருக்கைகள் பயணத்துக்கு 30 நாட்களுக்கு முன் திறக்கும். விடுமுறைக் காலத்தில் உடனே முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் இரண்டாம், மூன்றாம் வகுப்பில் முன்பதிவில்லாத டிக்கெட்டை அன்றைக்கே எடுத்து நெரிசலில் வரலாம், உட்கார இடம் உங்கள் அதிர்ஷ்டம்.

4. வாகனத்தை முதல் நாள் மாலையே பேசி முடியுங்கள்

அதிகாலை நாலரைக்குத் தெருவில் நின்று வாகனம் தேட முடியாது. முதல் நாள் பின்னேரம் பேசி, தொகையை முடித்து, சாரதியின் இலக்கத்தை வாங்கி வையுங்கள்.

நுவரெலியாவிலிருந்து போய்வர எங்களிடம் முதலில் 15,000 ரூபா கேட்டார்கள். பேசி 12,000க்கு வந்தது, ஐந்து பேருக்கு ஒரு வான். எரிபொருள் விலையோடு இது ஏறும் இறங்கும். தொகையைவிட, எது எதற்குச் சேர்த்து அந்தத் தொகை என்று கேட்பதுதான் முக்கியம். நாலு மணித்தியாலம் காத்திருப்பது உள்ளடக்கமா? வாகன நுழைவுக் கட்டணம் யார் பொறுப்பு? முதல் தடவை இந்த இரண்டையும் கேட்காமல் ஏறி, திரும்பி வந்தபோது கூடுதலாகக் கொடுத்தோம்.

புறப்படும் நேரத்தை நீங்களே சொல்லுங்கள். "ஆறு மணிக்குப் போனா சரிதானே" என்று முதல் சாரதி சொன்னார், நாங்களும் தலையாட்டினோம். இரண்டாம் தடவை வந்தவர் பட்டிப்பொலக்காரர். "நாலே முக்காலுக்கு வந்துருவேங்க, நீங்க கீழ நிக்கணும். பனி எறங்கிருச்சின்னா அப்புறம் என்னைய ஏசக்கூடாது" என்றார். அப்படி ஒருவர் கிடைத்தால் 500 ரூபா கூடக் கேட்டாலும் கொடுங்கள்.

ஓட்டோவிலும் போகலாம், வாடகை குறைவு. ஆனால் அந்தக் குளிரில், திறந்த பக்கங்களோடு ஒரு மணித்தியாலத்துக்கு மேல். போர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

5. பத்திரங்களும் காசும்

அதிகம் பேர் தடுக்குப்படுவது இங்கேதான்.

இலங்கையர்: ஒவ்வொரு பெரியவரிடமும் தேசிய அடையாள அட்டை இருக்கட்டும். உள்நாட்டவருக்கான கட்டணம், வெளிநாட்டவர் கொடுப்பதோடு பார்த்தால் சில்லறைக் காசு.

வெளிநாட்டவர்: கடவுச்சீட்டு. போனில் எடுத்த படத்தை மட்டும் நம்பிப் போக வேண்டாம். இந்தியாவிலிருந்து வருகிறவர்களும் இந்த வரிசைதான்.

நம் வீடுகளில் சிக்கல் இரண்டுக்கும் நடுவில் வரும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, தமிழும் சிங்களமும் கதைத்து, கனடாக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருக்கிற என் மச்சான் போன்றவர்கள் வெளிநாட்டவர் கணக்கில்தான் வருவார்கள். "நான் இஞ்சைதான் பிறந்தனான்" என்று கவுன்டரில் வாதாடிப் பயனில்லை. பின்னால் நிற்பவர்களின் நேரத்தையும் சேர்த்துத் தின்போம். அன்றைக்கு நாங்கள் அதைத்தான் செய்தோம். இரட்டைக் குடியுரிமை இருப்பவர்கள் இலங்கை அடையாள அட்டையையோ இலங்கைக் கடவுச்சீட்டையோ கையில் எடுத்துப் போங்கள். வீட்டு அலுமாரியில் இருக்கிறது என்றால் அங்கே செல்லாது.

இனி தொகை. வெளிநாட்டவர் ஒருவருக்கு 25 டொலர் அளவு என்று பார்த்துவிட்டுப் போனோம். அது அடிப்படை நுழைவுக் கட்டணம் மட்டும். அதன் மேல் குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணம் வரும், பிறகு மொத்தத்துக்கும் 18 வீதம் வற் வரி விழும். வாகனத்துக்குத் தனியாகச் சிறிய தொகை. எங்கள் குழுவில் மச்சான் ஒருவர்தான் வெளிநாட்டவர், அவர் தலைக்கு மட்டும் கிட்டத்தட்ட 40 டொலருக்குச் சமமான ரூபா வந்தது. சேவைக் கட்டணம் குழுவுக்கு என்பதால் வெளிநாட்டவர் நான்கைந்து பேர் சேர்ந்து போனால் தலைக்கு விழுவது கொஞ்சம் குறையும். இந்தக் கட்டணங்கள் மாறுகிறவை. புறப்படும் வாரத்தில் தங்குமிடத்தில் ஒருமுறை கேட்டு, அதற்கு மேல் இருபது வீதம் கூட்டிக் காசு எடுத்துப் போங்கள்.

காசு என்று சொன்னதைக் காசு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் வந்து வந்து போகும், கார்ட் மெஷினை நம்பி நிற்க முடியாது. நுவரெலியாவில் ஏ.டி.எம். இருக்கிறது, முதல் நாளே எடுத்து வையுங்கள்.

கட்டணம் கனமாகத் தோன்றுகிறதா? ஹப்புத்தளைக்குப் போய் லிப்டன் இருக்கை என்ற காட்சிமுனையைப் பாருங்கள். தம்பதென்னைத் தேயிலைத் தொழிற்சாலை வரை பஸ் போகும், அங்கிருந்து ஏழு கிலோமீற்றர் தோட்டத்துப் பாதை. செலவு மிகக் கொஞ்சம், வழி முழுக்கக் கொழுந்து பறிக்கும் நம் ஆட்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அதுவும் அருமையான காட்சிதான். ஆனால் அங்கேயும் காலையில்தான் போக வேண்டும்.

6. பையில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது

நடைபாதை தொடங்கும் இடம் ஃபார் இன் என்ற பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே உங்கள் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன், பிளாஸ்டிக் உறை, சிகரெட், லைட்டர் உள்ளே போகாது. தண்ணீர்ப் போத்தலைக் கொண்டு போகலாம், ஆனால் மேலே சுற்றியிருக்கும் லேபிளைக் கிழித்து எடுத்துவிடுவார்கள்.

முதல் தடவை, நாங்கள் தங்கிய இடத்தில் காலைச் சாப்பாட்டைப் பார்சல் கட்டித் தந்தார்கள். அன்பாகத்தான் தந்தார்கள். ஐந்து பார்சல், ஐந்தும் லஞ்ச் ஷீட் என்ற பொலித்தீன் தாளில் சுற்றியது, அதன் மேல் ஒரு ஷொப்பிங் பேக். பிஸ்கட் பக்கற் நான்கு, அக்காவின் சின்ன மகனுக்கு டொபி ஒரு பை. சோதனை மேசையில் எல்லாவற்றையும் பரப்பியபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. வேறு வழியில்லை, அங்கேயே நின்று சாப்பிட்டு முடித்தோம். பசிக்காத நேரத்தில் பச்சைத் தண்ணீர் போல் குளிர்ந்த பாணும் பருப்பும். இருபத்தைந்து நிமிடம் அதில் போனது.

இரண்டாம் தடவை ரொட்டியும் சம்பலும் வாழையிலையில் சுற்றி, துணிப்பையில் போட்டோம். பிஸ்கட்டை உறையிலிருந்து எடுத்து எவர்சில்வர் டப்பாவில் அடைத்தோம். போத்தல் லேபிள்களை இரவே உரித்துவிட்டோம். மேசையில் ஒரு நிமிடம்தான் நின்றோம்.

உடுப்பைப் பற்றி: ஒரே கனத்த ஜக்கெட்டைவிட, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு மூன்று மெல்லியவை நல்லது. ஆறு மணிக்குப் பல் நடுங்கும், ஒன்பதரைக்கு வெட்ட வெளியில் வியர்க்கும். காதை மூடும் தொப்பி, மழைக்கோட்டு, வெயிலுக்குப் பூசும் கிரீம் மூன்றும் ஒரே நாளில் தேவைப்படும். காலுக்குப் பிடிப்பான சப்பாத்து அவசியம். பாட்டா செருப்போடு வந்த ஒரு குடும்பத்தைப் பேக்கர் நீர்வீழ்ச்சி இறக்கத்தில் பார்த்தேன். அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் இறங்கிக்கொண்டிருந்தார்.

ட்ரோன் வேண்டாம். அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் அபராதத்தோடு முடியாது.

7. காலையின் கணக்கு

நுவரெலியாவிலிருந்து புறப்பட்ட எங்கள் இரண்டாவது பயணத்தின் நேரம் இது. இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

4.10க்கு எழும்பினோம், 4.45க்கு வான் புறப்பட்டது. 5.50 அளவில் பட்டிப்பொலப் பக்க வாயில். ஆறு மணிக்குத் திறப்பார்கள். ஒருவர் மட்டும் எல்லோருடைய அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் வாங்கிக்கொண்டு கவுன்டருக்கு ஓட வேண்டும், மற்றவர்கள் வாகனத்திலேயே இருக்கட்டும். ஐந்து பேரும் இறங்கி ஆளுக்கொரு பக்கம் பை தேடினால் வரிசையில் பின்னுக்குப் போய்விடுவீர்கள். வாகன இலக்கமும் கேட்பார்கள், தெரிந்து வையுங்கள். டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள், மேலே மறுபடி பார்ப்பார்கள்.

6.20க்கு டிக்கெட் கைக்கு வந்தது. வாயிலிலிருந்து ஃபார் இன் இன்னும் சில கிலோமீற்றர். அந்தப் பாதையில் சாரதியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், விடியும் நேரத்தில் மரைகள் (சாம்பர் மான்கள்) புல்வெளியில் நிற்கும். வாகனத் தரிப்பிடத்துக்கே கூட வந்து, கன்றுக்குட்டி மாதிரி முகத்தை நீட்டும். பிஸ்கட் கொடுக்க ஆசை வரும். கொடுக்காதீர்கள். உறையோடு விழுங்கிவிட்டால் அதன் வயிற்றில் அது அப்படியே கிடக்கும்.

6.40க்கு ஃபார் இன். மலசலகூடத்துக்குப் போக வேண்டியவர்கள் இங்கேயே போய்விடுங்கள், நடைபாதையில் இல்லை. 6.50க்கு நடக்கத் தொடங்கினோம்.

8. எந்தப் பக்கம் திரும்புவது

முழுச் சுற்று ஒன்பதரைக் கிலோமீற்றர் அளவு. மூன்று மணித்தியாலம் முதல் நான்கு வரை எடுக்கும். கொஞ்ச தூரம் போனதும் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் சின்ன உலக முடிவு, அதன் பிறகு உலக முடிவு. வலது பக்கம் போனால் முதலில் பேக்கர் நீர்வீழ்ச்சி.

இடது பக்கம் திரும்புங்கள். நீர்வீழ்ச்சி ஓடிப்போகாது. முதல் தடவை முன்னால் போன கூட்டத்தைப் பின்பற்றி வலது பக்கம் போனோம், ஏற்கெனவே பிந்தியிருந்த நாங்கள் இன்னும் பிந்தினோம்.

சின்ன உலக முடிவுக்கு எங்களுக்கு நாற்பது நிமிடம் எடுத்தது. அங்கே பள்ளம் முந்நூறு மீற்றர் அளவு. படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் ஐந்து நிமிடத்தில் கிளம்புங்கள், பெரியது அதற்கு அப்பால் இன்னும் இரண்டு கிலோமீற்றர். நடுவில் காட்டுப் பாதை. வேர்களும் கற்களும், பனி ஈரத்தில் வழுக்கும். மாமிக்கு முழங்கால் வலி, ஒரு தடியோடு மெதுவாக நடந்து வந்து சேர்ந்தார். முடியாதவர்களைச் சின்ன உலக முடிவு வரை கூட்டிப் போய் அதே வழியில் திருப்பி அனுப்பலாம், அதுவே பார்க்கப் போதுமான காட்சி.

உலக முடிவில் விளிம்புக்குக் கிட்ட நிற்பதைப் பற்றி நான் பயமுறுத்த விரும்பவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2015இல் மனைவியைப் படம் எடுக்கப் பின்பக்கமாக நகர்ந்த ஒரு வெளிநாட்டுப் பயணி இங்கே விழுந்தார். ஏறத்தாழ 40 மீற்றருக்குக் கீழே ஒரு மரத்தில் சிக்கியதால் உயிர் தப்பினார், இராணுவத்தினர் இறங்கி மீட்டார்கள். படம் எடுப்பவர் நின்ற இடத்திலிருந்து நகரவே கூடாது, படத்தில் நிற்பவர்தான் நகர வேண்டும் என்று எங்கள் குழுவில் சட்டம் போட்டோம். பிள்ளைகளின் கையைப் பெரியவர்கள் பிடித்திருக்கட்டும்.

வெள்ளையாக இருந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? எட்டரைக்கு முன் என்றால் இருபது நிமிடம் நிற்கலாம், காற்று வந்து ஒரு சன்னல் போலத் திறந்து மூடும். பத்து மணிக்கு மேல் என்றால் சாப்பிட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

9. திரும்பும் வழி

உலக முடிவிலிருந்து பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இரண்டு கிலோமீற்றர் அளவு. இருபது மீற்றர் உயரம், பெரிய அருவி என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனால் அதைப் பார்க்கக் கீழே இறங்கும் பாதைதான் முழு நடையிலும் மோசமான பகுதி. செங்குத்து, சேறு. இறங்கியவர்கள் ஏறி முடிக்கும்வரை நில்லுங்கள், அவசரப்படாதீர்கள். குளிக்கக் கூடாது.

அதற்குப் பிறகு ஃபார் இன் வரை கிட்டத்தட்ட மூன்று கிலோமீற்றர். மரமில்லாத புல்வெளி, தலைக்கு மேல் வெயில். குளிராக இருக்கிறதே என்று தண்ணீர் குடிக்காமல் வந்தவர்களுக்கு இங்கேதான் தலைவலி தொடங்கும். ஒருவருக்கு ஒரு லீற்றராவது எடுத்துப் போங்கள். கடைசி ஏற்றத்தில் அக்காவின் மகன் தரையில் உட்கார்ந்துவிட்டான். டப்பாவில் மிச்சமிருந்த நான்கு பிஸ்கட் அப்போது பயன்பட்டது.

பத்தரைக்கு வானுக்கு வந்துவிட்டோம். அன்றைய ரயிலைப் பிடிக்க நினைப்பவர்கள், ஃபார் இன்னிலிருந்து நானுஓயாவுக்கு ஒன்றரை மணித்தியாலமாவது கணக்கு வையுங்கள். நேரம் இருந்தால் அம்பேவெலயில் நிறுத்திப் பண்ணைக் கடையில் பாலும் தயிரும் வாங்கலாம், கடைக்கு முன்னால் வாகனம் நிறுத்த இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

நாங்கள் இறங்கும்போது எதிரே வான்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. ஒடுங்கிய வளைவில் வழி விட நின்றபோது, ஒரு வானின் சன்னலைத் திறந்து ஒரு பெரியவர் எங்கள் சாரதியிடம் கேட்டார்: "தம்பி, மேல தெரியுதா?"

சாரதி கண்ணாடியில் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "நீர்வீழ்ச்சி தெரியுங்க ஐயா" என்றார்.